மஞ்சு இறங்கும் ஸ்டேடியம்

என் மகள் வாலிபால் ஆடி நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்காக ஆடினாள், பிறகு மலைக்குக் கீழே ராசிபுரம் பக்கம் கல்லூரியில் சேர்ந்து அதற்காக ஆடினாள், மாவட்டத்துக்காகவும் ஆடினாள். அவள் வாங்கி வந்த கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக நின்றன. ஒன்றில் நான் கீரை விதை போட்டு வைத்திருந்தேன். அவள் எப்படி எம்புவாள், எந்தக் கையால் அடிப்பாள், அடித்த பிறகு சிரிப்பாளா முறைப்பாளா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. போட்டிகள் எல்லாம் கீழே நடக்கும். எனக்கு பஸ் ஆகாது. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் குடல் வாய்க்கு வந்துவிடும். என் வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடக்கே போய்விடுவார், மாசக்கணக்கில் வரமாட்டார். மாடுகளை யார் பார்ப்பது, காட்டில் பன்றி இறங்கினால் யார் விரட்டுவது. இதெல்லாம் நான் சொல்லிக்கொண்ட காரணங்கள், உண்மையான காரணங்களும் இவைதான்.

ஒரு தடவை மட்டும் வீம்புக்குக் கிளம்பிப் போனேன். சேலத்தில் போட்டி. முதல் பஸ்ஸைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டபடியே கீழே இறங்கி, இன்னொரு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிந்திருந்தது. வலையை ஒருத்தர் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் மகள் என்னைப் பார்த்துத் திகைத்து, "ஏம்மா, இத்தனை தூரம் எதுக்கு வந்தே?" என்று கேட்டு, கடைக்குக் கூட்டிப்போய் சோடா வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அழுகையாக வந்தது. சோடா மூக்கில் ஏறிவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் போனில் வீடியோ காட்டினாள். யாரோ தூரத்திலிருந்து எடுத்தது. சாமை மணி அளவுக்கு ஆட்கள். "இதா நீ, இப்ப எம்புனது?" என்றேன். "அம்மா, அது எதிர் டீமு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் போனைக் கேட்கவில்லை. என் கண்ணால் ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. பெரிய ஆசை இல்லை. மலையில் இருக்கிற எனக்கு அது பெரிதாகிவிட்டது.

தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, அதற்குள்ளேயே கட்சிகள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தன. தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அறிவித்த மறுநாளே சண்டை ஆரம்பித்தது. அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள் தங்களுக்குத்தான் வேண்டும் என்றார்கள். லாரி வரும், பஸ் வரும், மலைமேல் கட்டினால் எவன் ஏறி வருவான் என்பது அவர்கள் கட்சி. மலையில் இருப்பவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடுகிற கால் இங்கே இருக்கும்போது ஸ்டேடியம் மட்டும் கீழே எதுக்கு என்று டீக்கடையில் மேசையைத் தட்டினார்கள். அதுவரை மைதானம் வேண்டும் என்று ஒருத்தரும் வாய் திறந்து கேட்டதில்லை. கீழே போய்விடும் என்றதும் எல்லாருக்கும் வேண்டியதாகிவிட்டது.

சரி, மலைக்குத்தான் என்று ஒரு பேச்சு வந்ததும் மலைக்குள்ளேயே நாடு நாடாகப் பிரிந்துகொண்டார்கள். சில ஊர்கள் சேர்ந்தால் எங்கள் மலையில் அது ஒரு நாடு. வாசலூர்பட்டிக்காரர்கள், சுற்றுலாக்காரர்களுக்குப் படகு விடுகிற தங்கள் ஏரிக்கரையை ஒட்டி இடம் தருகிறோம் என்றார்கள். எங்கள் பைல் நாட்டில் இதைக் கேட்டு யாருக்கும் சோறு இறங்கவில்லை. "அவியளுக்குத்தான் படகு உட்டாச்சே. இதுவும் அங்கியே போனா நாம என்ன, படகு போறதைப் பாத்துக் கை தட்டறதா?" என்று டீக்கடைக்காரரே கொதித்தார். டவுனில் விளையாட்டு அரங்கம் எதற்காகக் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் நாட்டில் அது படகுக்குப் பதிலாகக் கேட்கப்பட்டது.

அரசு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நிலம் சமமாக இருக்க வேண்டும், ஊர் அதை இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இலவசம் பிரச்சினை இல்லை. சமம்தான் பிரச்சினை. எங்கள் மலையில் சரிவாக இல்லாத இடம் என்றால் ஒன்று நெல் வயல், அதில் கால் வைத்தால் முழங்கால்வரை போகும். இன்னொன்று அம்மன் நிலம். கோயிலுக்குக் கீழே, பாறைக்கும் பலாமரங்களுக்கும் நடுவில், யாரோ உட்கார்ந்து தட்டிச் சமப்படுத்தியதுபோல் கிடக்கும். அதில் எங்கள் வீட்டார்தான் தலைமுறையாகச் சாமை விதைத்து வந்தோம். பட்டா கிடையாது. விளைந்ததில் முதல் படி அம்மனின் பொங்கலுக்கு, மீதி எங்களுக்கு. அந்த நிலத்தில் யாரும் செருப்புக் காலோடு நடப்பதில்லை.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எனக்கு மாமா முறை. ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றார். கேட்க வந்தது கனமான விஷயம் என்று அதிலேயே தெரிந்தது.

"ஏன் கண்ணு, விசயம் உனக்கே தெரியும். அந்த எடம் உட்டா நம்ம நாட்டுல வேற எடம் இல்லை. உன்ற வாயால ஒரு வார்த்தை சொல்லோணும்."

மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். அவர்கள் இழப்பீடு, சரிவில் வேறு நிலம், மகளுக்கு வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எதுவும் நடக்காது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கேட்டுக்கொண்டிருந்ததே வேறு. அம்மன் நிலம் எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒரு வலை கட்டினால், அங்கே ஒரு போட்டி நடந்தால், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். பஸ் ஏற வேண்டாம்.

"குடுத்தர்லாங்க மாமா" என்றேன்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னைப் பெரிய மனசுக்காரி என்று ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடியது அன்றிலிருந்துதான். ஊருக்காக நான் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். வடக்கே ஏதோ ஊரில் இயந்திரம் ஓடுகிற சத்தம். "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்று கத்தினார். சரிவில் குச்சிக்கிழங்கு இருக்கிறது, மரத்தில் மிளகு இருக்கிறது என்றேன். ஏன் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அந்த ஒரு ஆளிடம்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"முன்னால வரிசையில ஒரு சீட்டு உனக்குன்னு இப்பவே பேசி வெச்சுக்க. அப்பறம் கட்சிக்காரனுவ வந்து உக்காந்துக்குவானுவ."

மாசி மாதம் இடம் பார்க்க ஒரு என்ஜினியர் வந்தார். கூடவே அடிவாரத்திலிருந்து கட்சிக்காரர் ஒருவர், கான்ட்ராக்டும் அவர்தான் எடுக்கப் போகிறார். பார்க்கிறவர்களையெல்லாம் சாமி என்று கூப்பிடுகிற ஆள். கூப்பிட்ட வேகத்தில் தோளில் கையும் போட்டுவிடுவார். என்ஜினியர் நல்லவர். செருப்பைக் கழற்றச் சொன்னதும் மறுக்காமல் ஷூவைக் கழற்றிவிட்டு, அறுத்த சாமைத் தாள் பாதத்தில் குத்தக் குத்த நொண்டிக்கொண்டே நிலம் முழுக்க நடந்தார். வெயில் தெளிவாக அடித்தது. தூரத்து மலை மடிப்புகள்வரை துல்லியமாகத் தெரிந்தன.

மழை எந்த மாதம், எவ்வளவு பெய்யும் என்று கேட்டார். சொன்னோம். காற்று எந்தப் பக்கமிருந்து என்று கேட்டார். சொன்னோம். மண்ணில் நீர் தேங்குமா, பாறை எத்தனை ஆழத்தில், பன்றி வருமா, கரடி வருமா, இடி விழுமா, எல்லாவற்றுக்கும் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னோம். ஊர்க்கவுண்டர் தன் சின்ன வயதில் விழுந்த இடி வரைக்கும் சொன்னார். மஞ்சைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை.

மறைத்தோம் என்று பின்னால் சொன்னார்கள். மறைக்கவில்லை. ஆடியிலிருந்து தை வரைக்கும் எங்கள் மலையில் பாதி நாள் மஞ்சு இறங்கும். பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஏறி வந்து, வாசலைத் தாண்டி அடுப்படிவரை வந்து நிற்கும். பக்கத்தில் நிற்கிற மாடு தெரியாது, அதன் மூச்சுச் சத்தம் கேட்கும். நாங்கள் அதற்குள் களை எடுப்போம், தண்ணீர் சுமப்போம், சண்டை போடுவோம். அது எங்களுக்கு வானிலையே இல்லை. வீட்டுக்கு வழி சொல்கிற யாராவது, வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வார்களா? என்ஜினியர் கேட்கவில்லை, எங்களுக்குத் தோன்றவுமில்லை.

ஆடியில் எழுதிக் கொடுக்கிற நாள் நெருங்கியதும் ஊரில் ஒரு பகுதி முரண்டு பிடித்தது. முன்னால் நின்றது என் கொழுந்தனார் மனைவி. அம்மனின் மண்ணை நாம் யார் எழுதிக் கொடுப்பதற்கு, அவளைக் கேட்டீர்களா என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் அம்மனைக் கேட்பது என்றால் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பது. கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சம்மதம். உதறாவிட்டால் இல்லை. துளுக்குவது என்று சொல்வோம்.

அன்று காலையிலிருந்தே மஞ்சு. தூறலா மஞ்சா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு எல்லாம் நனைந்து கிடந்தது. கோயில் முன்னால் நின்ற ஆட்களில் பாதிப்பேரைக் காணவில்லை, இருமல் மட்டும் வந்தது. கறுப்புக் கிடா ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் முதுகு மயிரில் துளித்துளியாக மஞ்சு கோத்திருந்தது. பூசாரி சொம்பைக் கையில் எடுத்து, அம்மனிடம் வாய்விட்டுக் கேட்டார். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். உதறிவிடு சாமி, உதறிவிடு.

கண்ணைத் திறந்தபோது கூட்டம் ஓவென்று கத்தியது. கிடா உதறிவிட்டிருந்தது. நீர் எங்கள் முகத்தில் தெறித்தது. பூசாரி சொம்பும் கையுமாகத் திகைத்து நின்றார். சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"தண்ணி ஊத்தவே இல்லீங்க, அதுக்குள்ளயே துளுக்கிருச்சு! இது செல்லாதுங்க. மஞ்சுல நனைஞ்சு துளுக்குச்சு" என்று என் கொழுந்தனார் மனைவி முன்னால் வந்தாள்.

"ஊத்தறதுக்கு முந்தியே அம்மா வாக்குக் குடுத்துட்டா சாமி, அவ்வளவு அவசரம் அவளுக்கு" என்று கட்சிக்காரர் கையை மேலே தூக்கினார்.

இரண்டு பக்கமும் குரல் ஏறியது. இன்னொரு தடவை ஊற்றலாம் என்றார்கள் சிலர், இரண்டாம் தடவை கேட்டால் அம்மன் கோபிப்பாள் என்றார்கள் சிலர். எல்லாரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த ஸ்டேடியம் வேண்டும். வாசலூர்பட்டிக்குப் போகவே கூடாது.

"பூசாரி ஊத்துனாலும் அம்மன் தண்ணிதான். மஞ்சு ஊத்துனாலும் அம்மன் தண்ணிதானுங்க" என்றார். "ஆரு ஊத்துனா என்ன? கெடா துளுக்கிருச்சு."

மஞ்சு அம்மனுடையது இல்லை என்று எவர் சொல்வது? என் கொழுந்தனார் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. நான் ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, அடுப்பு முன் உட்கார்ந்து, பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

கட்டுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆயிற்று. நான் ஸ்டேடியம் என்பதை டிவியில் மட்டும் பார்த்தவள். அம்மன் நிலத்தில் எது வரும் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. தூங்குவதற்கு முன் கண்ணை மூடினால், படி படியாகக் கேலரி எழுந்து பலாமரங்களைத் தாண்டி மேகத்துக்குள் போகும். அதன் உச்சியில் நான் உட்கார்ந்திருப்பேன். கீழே என் மகள் எம்புவாள். எம்பியவள் இறங்காமல் மேலே வந்துகொண்டே இருப்பாள், என் பக்கத்துப் படிவரை வந்து, பந்தை அடித்துவிட்டு, மெதுவாகத் திரும்பிப் போவாள். இந்தக் கனவை எத்தனையோ தடவை கண்டேன். விழித்தால் கொஞ்ச நேரம் கை கால் எல்லாம் லேசாக இருக்கும்.

பகலில் நடந்தது வேறு. முதலில் கல்வெட்டு வந்தது. அதைப் பதிக்க ஒரு மேடை வேண்டும் என்று மேடை கட்டினார்கள். மேடைக்கு எதிரே ஜனம் உட்கார வேண்டும் என்று கேலரி வந்தது. கேலரியை நீளமாகக் கட்டினால்தான் கான்ட்ராக்டருக்குக் கட்டுப்படியாகும் போலிருக்கிறது, அது நீண்டுகொண்டே போய் மைதானத்தின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. ஓடுகிற தடத்துக்கு இடம் இல்லை என்று அதைக் கைவிட்டார்கள். நடுவில் பணம் நின்றுபோயிற்று. அப்போது கீழே டவுனில் ஏதோ வாலிபால் லீக்கில் ஓர் அணியை வைத்திருக்கிற முதலாளி ஒருவர் வந்தார். மலைப்பிள்ளைகள் நன்றாக எம்புகிறார்கள், இங்கிருந்து ஆட்களை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டவர். நான்கு மூலைக்கும் விளக்குக் கம்பம் போட்டுத் தருகிறேன், வாசலில் என் கம்பெனிப் பெயர் வர வேண்டும் என்றார்.

பெயர்தான் பெரிய ரகளை. கட்சிக்காரருக்குத் தலைவர் பெயர் வேண்டும், முதலாளிக்குக் கம்பெனிப் பெயர், எங்கள் ஆட்களுக்கு நாட்டின் பெயர். மற்ற நாட்டுக்காரர்கள் மலையின் பெயர்தான் வர வேண்டும் என்று ரோட்டை மறித்தார்கள். கடைசியில் எல்லாப் பெயரையும் ஒரே பலகையில் எழுதினார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிப் போய்விடும். அம்மனின் பெயர் விட்டுப்போயிற்று என்பதை நாங்கள் பலகை ஏறிய பிறகுதான் கவனித்தோம். பூசாரி சாக்பீஸால் கீழே எழுதி வைத்தார், மழையில் போய்விட்டது.

அந்த வருஷம் பொங்கலுக்கு முதல் படிச் சாமையை என் கொழுந்தனார் மனைவியிடம் கேட்டுத்தான் வாங்கினேன். பேசாமல் அளந்து போட்டாள். கைப்பிடி கூடவே போட்டாள். அன்றைக்குத்தான் நிலம் போனது எனக்கு உறைத்தது. போகிற வழியில் கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, புல்டோசர் தள்ளிய செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எந்த இடத்தில் மண் கறுப்பு, எந்த இடத்தில் சாமை முதலில் பழுக்கும் என்றெல்லாம் என் காலுக்குத் தெரியும். இப்போது ஒரே நிறம். அப்படியே தூங்கிப்போனேன் போலிருக்கிறது. மிளகு காய வைக்க வந்த பெண்கள் எழுப்பிவிட்டார்கள்.

திறப்பு விழா கார்த்திகையில் வைத்தார்கள். தேர்தல் தேதி அவர்களை விரட்டியது. லீக் முதலாளியின் அணியிலிருந்து சில பெண்கள் வருவார்கள், எங்கள் மகளின் கல்லூரி அணியோடு ஒரு காட்சிப் போட்டி, அதோடு திறப்பு. என் மகள் போனில் இதைச் சொன்னபோது சாதாரணமாகச் சொன்னாள். "நீ வரோணும்னு இல்லம்மா, குளிரும்" என்றாள். நான் இருக்கிற மாட்டையெல்லாம் முதல் நாளே குளிப்பாட்டி வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

காலை தெளிவாகத்தான் விடிந்தது. கேலரியில் எள் விழ இடமில்லை. மற்ற நாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள், வாசலூர்பட்டிக்காரர்கள் குறை கண்டுபிடிப்பதற்காகவே வந்து முன்னால் இடம் பிடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் சொன்னதுபோல் முன்வரிசைக்கு நான் போனேன். அதில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிலம் கொடுத்த அம்மா என்று சொல்லி யாரோ நடுப்படியில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வர வேண்டியவர். வளைவுகளில் அவருக்கும் என் கதிதான் ஆயிற்றாம், வழியெல்லாம் காரை நிறுத்தி நிறுத்தி, வெளுத்துப்போய் மதியம் தாண்டி வந்து சேர்ந்தார். எனக்கு அவர்மேல் முதல்முறையாக ஒரு பாசம் வந்தது. பிறகு பேச்சு ஆரம்பித்தது. சால்வை, மாலை, நினைவுப் பரிசு. மலையின் இருட்டைப் போக்கிய தலைவர் என்று ஒருவரைப் பற்றி ஒருவர் பேசினார்கள். மைதானத்தின் ஓரத்தில் என் மகளின் அணி கையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. பச்சை நிறச் சட்டை. இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தார்கள்.

நன்றியுரை நடக்கும்போது பாறைப் பக்கத்திலிருந்து மஞ்சு ஏறியது. எங்கள் ஆட்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விருந்தினர் பந்தை ஒரு தட்டுத் தட்டித் துவக்கி வைத்தார். அவர் தட்டிய பந்து வலைக்கு மேலே போய்க் காணாமல் போயிற்று.

விசில் கேட்டது. பந்து கையில் படுகிற சத்தம் கேட்டது. வெள்ளைக்குள்ளிருந்து பெண்கள் கூவுவது கேட்டது. எங்கள் முன்னால் எதுவும் இல்லை. விளக்கைப் போடச் சொன்னார்கள். நான்கு மூலையிலும் விளக்கு எரிந்ததும் மஞ்சு இன்னும் வெளுத்தது. வர்ணனை செய்ய நாமக்கல்லிலிருந்து கூட்டி வந்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. "இதோ, மிக அருமையான ஒரு ஆட்டம்! எதிர்ப்பக்கம் பதில் தந்திருக்கலாம்!" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜனம் சத்தம் வந்த திசைக்குக் கை தட்டியது.

கீழே மேடையில் என்ஜினியர் ஊர்க்கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, இப்படி வரும்னு அன்னைக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"இது எப்பவும் வர்றதுதானுங்களே" என்றார் ஊர்க்கவுண்டர். அவருக்கு உண்மையிலேயே கேள்வி புரியவில்லை.

இருட்டுவதற்குள் வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்று விருந்தினர் கிளம்பினார். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. முதலாளியும் போனார். நடுவர் இரண்டு அணித் தலைவிகளையும் கூப்பிட்டு, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஆடி முடிக்கிறோம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். ஒரு குரல் என் மகளுடையது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நிலத்தைக் கொடுத்தாயிற்று, கொழுந்தனார் மனைவியின் பேச்சை இழந்தாயிற்று, இத்தனை கான்கிரீட் ஏறியாயிற்று. இன்றைக்கும் நான் பார்க்காமல் போவதா? சேலையை இழுத்துச் செருகினேன். குளிருக்குத் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தேன். ஆட்களின் முழங்கால்களைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி, செருப்பைக் கீழே விட்டுவிட்டு, மைதானத்துக்குள் நடந்தேன். கண் தெரியாவிட்டால் என்ன, அந்த மண்ணில் எனக்கு வழி தெரியும். சத்தத்தை நோக்கிப் போய், சுண்ணாம்புக் கோடு காலில் தட்டுப்பட்டதும் நின்றேன்.

அங்கே நின்றால் தெரிந்தது. முழுவதும் இல்லை. வலையின் ஒரு துண்டு, இரண்டு மூன்று பெண்கள், வந்து வந்து மறைகிற கைகள். அவர்களில் என் மகளை நான் உடனே கண்டுகொண்டேன். அவள் இடது காலை முன்னால் வைத்துக் குனிந்து நின்றாள். மஞ்சுக்குள் எதையோ காதால் தேடினாள். பிறகு எம்பினாள். கனவில் வந்ததுபோல் மெதுவாக இல்லை. படார் என்று எம்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கொலை செய்கிறவள்போல அடித்தாள். இந்தப் பெண்ணுக்குத்தான் நான் இன்னும் சோறு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக் கொடுக்கிறேனா?

சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. அடுத்த பந்துக்குத் தயாரானாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. எதிர்ப்பக்கத்துப் பந்து ஒன்று கோட்டுக்கு வெளியே தெறித்து, ஈர மண்ணில் உருண்டு வந்து என் காலில் இடித்தது. எடுத்தேன். சில்லென்று இருந்தது. மஞ்சுக்குள்ளிருந்து அவள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"அக்கா, பந்தைக் குடுங்க அக்கா. சீக்கிரம்."

நான்தான் கண்ணு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்த முகம் போய்விடும், வீட்டு முகம் வந்துவிடும் என்று தோன்றியது. பந்தைக் கொடுத்தேன். அவள் விரல் என் விரலில் பட்டது. "தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிப்போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்பருகில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவர்கள் ஜெயித்திருந்தார்கள். நான் காபித் தண்ணீரை இறக்கி ஆற்றிக் கொடுத்தேன்.

"கேலரியில எங்கம்மா உக்காந்திருந்தே? பாவம், ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சுது கண்ணு" என்றேன். "நல்லாவே தெரிஞ்சுது."

அவள் நம்பாமல் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தாள்.